வன்னியிலிருந்து ஆங்கிலம் படிக்கப் போகிறவர்களுக்கு: எழுத்து, மேடை, இலக்கியம்

ஆங்கிலப் படிப்புக்கு இடம் கிடைத்தது என்றவுடன் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தேடுவது இரண்டு: ஒரு தடித்த இலக்கணப் புத்தகம், ஒரு ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு. இரண்டாலும் பயன் உண்டு. ஆனால் விரிவுரை மண்டபத்துக்குள் போனபின் கேட்கப்படுவது வேறு. ஒரு பக்கத்தை ஊன்றி வாசிக்கத் தெரியுமா, அதிலிருந்து ஒரு கருத்தை எடுத்து எழுதி நிறுவத் தெரியுமா, அதையே வகுப்பின் முன் நின்று சொல்லத் தெரியுமா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். நேரசூசியில் எழுத்து, பேச்சு, இலக்கியம் என்று மூன்று பாடம் இருக்கும்; செய்கிற வேலை ஒன்றுதான். எடுத்த ஒரே விடயத்தை வாசித்து, எழுதி, பேசிப் பழகுகிறவர் மூன்றிலும் முன்னேறுவார். தனித்தனியாக மூன்றையும் துரத்துகிறவர் களைத்துப்போவார். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

எங்கே படிக்கலாம்

உயர்தரத்தில் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியில் சேராது என்பதால் அதை ஒதுக்கிவிடுவது எங்களிடம் வழமை. ஆங்கிலம் படிக்க விரும்புகிறவர் அப்படிச் செய்யக்கூடாது. அந்தப் பெறுபேற்றைக் கேட்கிற நெறிகள் இருக்கின்றன.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் மொழியியல் ஆங்கிலத்துறை இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமும் ஆங்கிலம் கற்பித்தலும் சேர்ந்த பட்டநெறி உண்டு. வேலை செய்துகொண்டு படிக்க வேண்டியவர்களுக்கு அது பொருந்தும். உயர் தொழினுட்பவியல் கல்வி நிறுவகம் நடத்தும் ஆங்கில உயர் தேசிய டிப்ளோமா இன்னொரு வழி. ஆசிரியராக வேண்டும் என்று முடிவெடுத்தவர்களுக்குத் தேசிய கல்வியியற் கல்லூரி: இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் கட்டுறுபயிற்சி. எந்த ஆண்டு எந்தக் கல்லூரிக்கு ஆங்கில நெறிக்கு ஆட்கள் எடுக்கிறார்கள் என்பதை வர்த்தமானியில் நீங்களே பாருங்கள். ‘அங்கே இல்லையாம்’ என்று யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பிக்காமல் விட்ட பிள்ளைகள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்.

பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்பப் பீடங்களுக்கோ போகிறவர்களும் இதை வாசிக்கலாம். அங்கே ஆங்கிலம் பாடமாக மட்டும் இல்லை, படிப்பிக்கிற மொழியே அதுதான். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு வந்த பிள்ளைக்கு ஆய்வறிக்கை எழுதவும் முன்வைப்புச் செய்யவும் இதே பயிற்சிதான் வேண்டும்.

வாக்கியத்தில் தொடங்குங்கள்

‘அம்மா சந்தைக்குப் போய், மரக்கறி வாங்கி, பஸ் பிந்தினதால் நடந்துவந்து, மத்தியானத்துக்குள் சமைத்துவிட்டா.’ தமிழில் இது ஒரு வாக்கியம். முடிகிற வினை ஒன்றுதான். போய், வாங்கி, வந்து என்பவை எல்லாம் கடைசி வினையில் தொங்கிக்கொண்டு வருகின்றன. ஆங்கிலத்தில் இப்படித் தொங்கவிட்டால் வாக்கியம் முறியும். எங்கள் மாணவர்களின் கட்டுரைகளில் காற்புள்ளியாலேயே ஒட்டி ஒட்டிப் பத்துவரி ஓடுகிற வாக்கியங்கள் வருவதற்குக் காரணம் கவனக்குறைவென்று சொல்லமுடியாது. தமிழின் ஓட்டம் கைக்குள் இருக்கிறது.

இதற்கு மருந்து இலகு. முதலில் அந்தச் செயல்களை நான்கு தனி வாக்கியமாக உடையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுவாய் வையுங்கள், ஒவ்வொரு வினைக்கும் காலம் வையுங்கள். பிறகு எது முக்கியம் என்று கேளுங்கள். நடந்துவந்தும் நேரத்துக்குச் சமைத்ததுதான் முக்கியம் என்றால் அதை முதன்மை வாக்கியமாக வைத்து, மற்றவற்றை ‘ஆஃப்டர்’, ‘ஆல்தோ’, ‘பிகோஸ்’ என்ற இணைப்புகளால் அதோடு சேருங்கள். உடைத்துவிட்டுச் சேர்க்கிற இந்தப் பயிற்சியை நாளுக்கு ஐந்து வாக்கியம் செய்தால் போதும். ஒரு தவணைக்குள் எழுத்தில் மாற்றம் தெரியும்.

தமிழில் எழுவாய் இல்லாமலே பேசலாம். ‘நேற்றுப் போனேன்’ என்றால் யார் போனது என்று வினைவிகுதி சொல்லிவிடும். ஆங்கிலம் அந்த வசதியைத் தராது. ‘ஏ’, ‘த’ என்ற சுட்டுகளும் அப்படித்தான்: தமிழில் அவற்றுக்கு நேரான உறுப்பு கிடையாது. ‘ஒரு’ என்று போட்டால் தமிழில் பொருந்துகிற இடத்தில் பெரும்பாலும் ‘ஏ’ வரும், ‘அந்த’ பொருந்துகிற இடத்தில் ‘த’ வரும். இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் போதாது. ஆனால் பாதிப் பிழைகள் இதிலேயே திருந்தும். மிச்சம் வாசிக்க வாசிக்க வரும்.

சொல்லுக்கு அகராதி பார்ப்பதென்றால் ஆங்கிலத்துக்குத் தமிழ் அர்த்தம் மட்டும் தருகிற செயலியோடு நிற்காதீர்கள். கற்போருக்கென்று ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் வெளியிடுகிற அகராதிகள் இணையத்தில் இலவசம். அந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும், எந்த முன்னிடைச்சொல்லை எடுக்கும் என்பதை வாக்கியத்தில் வைத்துக் காட்டுவார்கள். கொப்பியில் சொல்லை எழுதாமல் அந்த வாக்கியத்தை எழுதுங்கள்.

பந்தியும் கட்டுரையும்

பாடசாலையில் நாங்கள் எழுதிய தமிழ்க் கட்டுரைக்கு ஓர் அலங்கார முன்னுரை உண்டு. உலகம் தோன்றிய காலத்திலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல விடயத்துக்கு வருவோம். அது தமிழ்க் கட்டுரையின் மரபு. கல்லூரியின் ஆங்கிலக் கட்டுரை அப்படித் தொடங்காது. முதற்பந்தி முடிவதற்குள் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த நிலைப்பாடு மறுக்கக்கூடியதாக இருக்கவேண்டும். ‘இரணைமடுக்குளம் கிளிநொச்சிக்கு முக்கியமானது’ என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆகவே அதிலிருந்து கட்டுரை பிறக்காது. ‘தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் எல்லோருக்கும் துண்டு துண்டாகக் காணி பிரிப்பதைவிட, ஆண்டுக்கு ஒரு பகுதியினர் என்று முறைவைத்து முழுக்காணியையும் விதைக்க விடுவது நல்லது’ என்று எழுதிப் பாருங்கள். உடனே ஒருவர் எதிர்த்துக் கதைப்பார். அந்த எதிர்ப்புக்கு நீங்கள் தருகிற பதில்தான் கட்டுரையின் உடம்பு.

ஒரு பந்தியில் ஒரே ஒரு புள்ளியை எடுங்கள். அதை முதல் வாக்கியத்தில் சொல்லி, சான்றை வைத்து, அந்தச் சான்று ஏன் உங்கள் புள்ளியை நிறுவுகிறது என்று விளக்குங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மேற்கோளைப் போட்டவுடன் அடுத்த பந்திக்குத் தாவுவது எங்கள் மாணவர்களிடம் நான் காணும் பெரிய குறை. மேற்கோள் இரண்டு வரி என்றால் விளக்கம் நான்கு வரியாவது வரவேண்டும்.

எழுதி முடித்தபின் பந்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும் வேறு தாளில் எடுத்து எழுதுங்கள். அவற்றை மட்டும் வாசித்தால் வாதம் தெரிகிறதா? தெரியாவிட்டால் சிக்கல் அமைப்பில் இருக்கிறது, இலக்கணத்தில் தேடவேண்டாம். பிறகு வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தட்டுகிற இடத்தில் வாக்கியமும் தட்டும்.

எடுத்தாண்டதைக் குறிப்பிடுகிற முறையை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். இலக்கியத்தில் பெரும்பாலும் எம்எல்ஏ முறை: ஆசிரியரின் குடும்பப்பெயரும் பக்க எண்ணும். சமூக விஞ்ஞானங்களில் ஏபிஏ முறை: பெயரும் ஆண்டும். இன்னொருவர் வாக்கியத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தால் தெரியாமல் செய்தது என்ற சமாதானம் ஏற்கப்படாது. கைப்பேசியில் கேட்டால் கட்டுரையே எழுதித் தருகிற மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. நீங்கள் எழுதிய பந்தியைக் கொடுத்து எங்கே தெளிவில்லை என்று கேளுங்கள். அதுவும் விரிவுரையாளர் அனுமதித்திருந்தால். எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். சிந்தித்து வாக்கியமாக்குகிற அந்தச் சிரமத்துக்குத்தான் நீங்கள் கல்லூரிக்கு வந்திருக்கிறீர்கள்.

உங்கள் கதை உங்களுடையது

இதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். எழுத்து வகுப்புகளில் தன்னனுபவக் கட்டுரை கேட்பார்கள். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா என்று சொன்னவுடன் சில வகுப்புகளில் உங்களிடம் போர்க்கதை எதிர்பார்க்கப்படும். கொடுக்கவேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. கரைவலை இழுக்கிற விடியற்காலை, அறுவடை முடிந்த வயலில் கிரிக்கெட், பாலைப்பழக் காலம், ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு நின்ற நேரம், இவை எல்லாம் கட்டுரைக்குப் போதுமான விடயங்கள்.

எழுத விரும்பினால் எழுதுங்கள், தாராளமாக. ஆனால் ஒன்றை யோசியுங்கள். இன்று இருபது வயதில் கம்பஸில் இருக்கிற ஒருவருக்கு 2009இல் மிகச் சின்ன வயதுதான் இருந்திருக்கும். உங்களிடம் இருக்கிற நினைவில் பெரும்பகுதி அம்மாவினதும் அம்மம்மாவினதும். அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். எதை எழுதலாம், எந்தப் பெயரை விடவேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். உங்களுக்கு உண்மையில் நினைவிருப்பது எது, சொல்லக்கேட்டது எது என்பதைக் கட்டுரைக்குள்ளேயே பிரித்துக் காட்டுங்கள். அந்த நேர்மை கட்டுரையைப் பலப்படுத்தும். நல்ல விரிவுரையாளர் அதைக் கண்டுகொள்வார்.

இலக்கியம்: ஒரு கல்லிலிருந்து தொடங்கலாம்

ஊன்றி வாசிப்பதென்றால் என்ன என்று கேட்கிறவர்களை நான் முதலில் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போவேன். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் அங்கே, ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் நினைவிடம் உண்டு. ஆங்கிலேயர் அங்கே வைத்த கல்லில் பொறித்தது ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803 என்பது அதன் பொருள்.

இதை மூன்று கேள்வியோடு வாசியுங்கள். எழுவாய் யார்? கப்டன். பண்டாரவன்னியன் வாக்கியத்தில் செயப்படுபொருளாக, அடிபட்டவராக மட்டும் வருகிறார். அடுத்தது, எது சொல்லப்படவில்லை? அதே ஆண்டு ஓகஸ்டில் அவர் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த செய்தி கல்லில் இல்லை. மூன்றாவது, இதை யார் வாசிப்பதற்காக எழுதினார்கள்? ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக; சுற்றியிருந்த ஊர்ச்சனத்தின் மொழியில் எழுதவில்லை. வென்றவரைச் சொல்ல வைத்த கல்லை எங்கள் சனம் தோற்றவருக்கான நினைவிடமாக்கிக்கொண்டது என்பதையும் சேர்த்தால் உங்களிடம் ஒரு முழுக் கட்டுரை இருக்கிறது. யார் பேசுகிறார், யாருக்கு, எதை விட்டுவிட்டு? ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கும் இதே கேள்விகள்தான்.

அடுத்து றொபேட் நொக்ஸ். 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி. ஏறக்குறைய இருபது வருடம் நாட்டைவிட்டுப் போகமுடியாமல் இருந்து, 1679இல் மல்வத்து ஓயாவை, அதாவது எங்கள் அருவியாற்றை, ஒட்டிக் காட்டுவழியே நடந்து மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்துசேர்ந்தார். 1681இல் லண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. குட்டன்பேர்க் இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தப்பியோடுகிற அத்தியாயத்தை மட்டும் எடுத்து வாசியுங்கள். பழைய எழுத்துக்கூட்டல் முதலில் தடுக்கும், பிறகு பழகும். உங்களுக்குத் தெரிந்த காட்டை, யானையை, ஆற்றுப்படுக்கையை ஒரு பிறத்தியான் பயத்தோடு பார்க்கிறான். அவனுக்குக் காடாகத் தெரிவது அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன என்று கேட்கத் தொடங்கினால், பின்காலனியக் கோட்பாடு என்று இரண்டாம் ஆண்டில் வரப்போகிற பாடத்தின் வாசலில் நிற்கிறீர்கள்.

எங்கள் மண்ணைத் தொட்ட ஆங்கில எழுத்து இன்னும் இருக்கிறது. லெனாட் வூல்ஃப் 1904இல் சிவில் சேவைக்கு வந்து முதலில் யாழ்ப்பாணத்தில் வேலைபார்த்தவர், மன்னார்ப் பக்கத்து முத்துக்குளிப்பையும் கண்டவர். முத்துக்குளிப்பை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். அனுக் அருட்பிரகாசத்தின் 2021 நாவலில் ஒருவன் கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு செத்தவீட்டுக்காக ரயிலில் வருகிறான். அது புக்கர் பரிசின் குறும்பட்டியலுக்குப் போனது. வாக்கியங்கள் நீளம். ஆகவே முதலாம் ஆண்டில் வேண்டாம், மூன்றாம் ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கவிதைக்கு வரும்போது, உயர்தரத்தில் தமிழ் படித்தவர்கள் அதை மறந்துவிட்டு வரவேண்டும் என்று நினைக்கவேண்டாம். திணை படித்திருக்கிறீர்கள். நிலம் எப்படி மனநிலையைச் சொல்லும் என்று தெரியும். உள்ளுறை தெரிந்த ஒருவருக்கு ஆங்கிலக் கவிதையின் படிமம் புதிதாக இராது. ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலமாக்கி 1967இல் வெளியிட்டார். ‘செம்புலப் பெயல்நீர்’ பாட்டின் தமிழையும் அவருடைய ஆங்கிலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவர் வரிகளை ஏன் அப்படி உடைத்தார் என்று ஒரு பந்தி எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் ஓசை அசையழுத்தத்தில் நிற்கிறது. சொனற்றின் பதினாலு வரியையும் மேசையில் தட்டித் தட்டி வாசித்தால் அழுத்தம் எங்கே விழுகிறது என்று காது பிடிக்கும். முதல் வாசிப்பு ஓசைக்கு, இரண்டாவது பொருளுக்கு, மூன்றாவது பென்சிலோடு.

நாவலுக்கு வேறு முறை. ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் மூன்று வரி: என்ன நடந்தது, யார் மாறினார், எந்த வாக்கியம் பிடித்தது, பக்க எண்ணோடு. பரீட்சைக்கு முதல்கிழமை அந்தக் குறிப்புத்தான் கைகொடுக்கும். கடையில் விற்கும் சுருக்கங்களை முதலில் வாசித்துவிட்டால் நாவல் உங்களோடு கதைக்காது.

மேடை

நல்ல வாதத்தைக் கேட்க நீங்கள் தொலைவு போகவேண்டியதில்லை. சிறுபோகத்துக்குமுன் நடக்கிற கமக்காரர் கூட்டத்தில் போய் இருங்கள். தண்ணீர் எவ்வளவு, எத்தனை ஏக்கர், யாருக்கு என்று ஒரு பெரியவர் எழும்பிக் கேட்பார். அவர் முதலில் எண்ணைச் சொல்வார், பிறகு போன வருடம் நடந்ததைச் சொல்வார், பிறகு தன் கேட்பை வைப்பார். மூன்று நிமிடம்கூட ஆகாது. அந்த அமைப்பைக் குறித்துக்கொண்டு வந்து அதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். மொழி வேறு, எலும்புக்கூடு ஒன்றே.

பேச்சை முழுக்க மனப்பாடம் செய்வது எங்கள் பேச்சுப்போட்டி வழக்கம். தமிழ்த்தினத்துக்கும் ஆங்கிலதினத்துக்கும் அப்படித்தான் ஒப்புவித்தோம். கல்லூரியில் அது காலை வாரும். ஒரு சொல் விட்டுப்போனால் எல்லாம் போய்விடும். சிறிய அட்டைகள் நாலு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி, ஒரு எண் அல்லது பெயர். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் பாடமாக்குங்கள். நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 சொல். மூன்று நிமிடப் பேச்சென்றால் 360 சொல், அதற்குமேல் எழுதாதீர்கள்.

உச்சரிப்பில் லண்டன்காரராக வேண்டியதில்லை. இலங்கைத் தமிழரின் ஆங்கிலம் விளங்குகிற ஆங்கிலம்தான். கவனிக்கவேண்டியது அழுத்தம். தமிழில் அசைகள் கிட்டத்தட்ட ஒரே எடையோடு போகும். ஆங்கிலத்தில் ஒரு அசை உயரும், மற்றவை தேயும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்றால் இரண்டாவதில், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் மூன்றாவதில். இது மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது. ‘ஸ்கூல்’ முன்னால் ஓர் ‘இ’ சேர்வதையும், ‘ஃப’வும் ‘ப’வும் கலப்பதையும் கைப்பேசியில் பதிந்து நீங்களே கேட்டுத் திருத்தலாம். கேட்க வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, மூன்று நிமிடம்தானே.

வீட்டில் இடமில்லாவிட்டால் பின்னேரம் கோயில் மண்டபம், பாடசாலை விட்டபின் வெறும் வகுப்பறை. ஒரு சிநேகிதியைப் பின்வரிசையில் இருத்திப் பேசுங்கள். அவவுக்குக் கேட்டால் எல்லோருக்கும் கேட்கும். முல்லைத்தீவுப் பக்கத்தில் கூத்தாடிய குடும்பத்துப் பிள்ளையென்றால் கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் மூச்சுப் பிடிப்பதைப் பற்றிக் கேளுங்கள். ஒலிவாங்கி இல்லாத காலத்தில் விடியவிடியக் குரல் கொடுத்தவர்களின் வழி அது.

கேள்வி நேரத்துக்குத்தான் அதிக பயம். கேள்வியை உங்கள் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். சரியாக விளங்கியதா என்று உறுதியாகும், யோசிக்க நேரமும் கிடைக்கும். தெரியாவிட்டால் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்று நேரே சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் மறக்காமல் பதிலோடு போங்கள்.

ஒரு கிழமையை இப்படி அமைக்கலாம்

ஒரே ஒரு பக்கத்தை எடுங்கள்: நொக்ஸிலிருந்து, பாடத்திட்டக் கவிதையிலிருந்து, ஓர் ஆங்கிலப் பத்திரிகைத் தலையங்கத்திலிருந்து. திங்கள் வாசித்துத் தெரியாத சொற்களைப் பாருங்கள். செவ்வாய் வாய்விட்டு வாசித்துப் பதியுங்கள். புதன் அதைப்பற்றி ஒரு பந்தி. வியாழன் அந்தப் பந்தியை உடைத்துத் திரும்ப எழுதுங்கள். வெள்ளி மூன்று நிமிடம் பேசுங்கள். சனி, ஞாயிறு வயல்வேலையோ வீட்டுவேலையோ இருந்தால் விட்டுவிடுங்கள். நாளுக்கு அரைமணித்தியாலம் போதும், பஸ்ஸில் போகிற நேரமும் இதற்குள் சேரும்.

நாலுபேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும்போது பிழையைச் சரிசெய்து கொடுக்கவேண்டாம். அடியில் கோடிட்டுக் கொடுங்கள், எழுதியவரே தேடட்டும். விரிவுரையாளர் திருப்பித் தந்த ஒப்படையில் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். அவர் எழுதிய குறிப்புகளைக் கொப்பியில் ஒரு பக்கத்துக்கு மாற்றுங்கள். இரண்டாம் தடவை வந்த பிழை எது என்று அங்கே தெரியும். விளங்காவிட்டால் அவருடைய அறைக்குப் போய் ‘சேர், இந்தக் குறிப்பு விளங்கவில்லை’ என்று கேளுங்கள். பின்வரிசையில் தலைகுனிந்து இருக்கிற பழக்கம் எங்கள் பிள்ளைகளுக்கு மரியாதையால் வந்தது. ஆனால் விரிவுரையாளருக்கு அது அக்கறையின்மையாகத் தெரியலாம்.

பரீட்சை மண்டபத்தில்

மூன்று மணித்தியாலத்தில் நாலு வினா என்றால் வினாவுக்கு 45 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் பேனையை விடைத்தாளில் வைக்காதீர்கள். வினாவில் உள்ள ஏவற்சொல்லுக்குக் கீழே கோடிடுங்கள்: ஒப்பிடச் சொல்கிறதா, விவாதிக்கச் சொல்கிறதா, விளக்கச் சொல்கிறதா. உங்கள் நிலைப்பாட்டை ஒரு வரியில் எழுதி, கீழே மூன்று பந்திக்கு மூன்று சொல். கதையைத் திருப்பிச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, ‘இது எதைக் காட்டுகிறது’ என்ற கேள்விக்கு அடுத்த வாக்கியத்தில் பதில் எழுதுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் வினைகளின் காலத்தையும், மூன்றாம் ஆள் ஒருமையில் விட்டுப்போகிற அந்த ‘எஸ்’ஸையும் மட்டும் தேடித் திருத்துங்கள்.